வேன் மாமாவின் தலைக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் எப்படி? கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளை ஒரு பக்கம் ஆட்டிக்கொண்டே, தவழ்கிறதுகளை மறுபக்கம் மேய்க்க வேண்டும். பாதி வேலை வாயால்தான் நடக்கும். ஆனால் இந்த வாயை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் விஷயத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஊரே அவருக்கு ஒன்றுமில்லை என்றது. நான் ஒருத்திதான் ஏதோ இருக்கிறது என்றேன்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். எங்கள் தோட்டம் பலாங்கொடைக்கு மேலே. காலையில் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கி, வழியில் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, டவுனில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாதியும் சிங்களப் பள்ளிக்கூடத்தில் பாதியுமாக இறக்கிவிடுவார். பின்னேரம் அதே மாதிரி மேலே. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அவரை மாமா என்றுதான் கூப்பிடும். அந்த ஒரு சொல் மட்டும் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். மற்றபடி அவர் பேச்சு கத்தரித்த மாதிரி இருக்கும். நம் பிள்ளைக்குத் தமிழ், அந்தப் பிள்ளைக்குச் சிங்களம். ஒரே மூச்சில் இரண்டு பேரை ஏசினாலும் அவரவர் பாஷையில்தான் ஏசுவார். நாங்கள் எல்லோரும் கலந்து கட்டிப் பேசுகிறவர்கள். கடைக்குப் போனால் ஒரு வாய் சிங்களம், திரும்பினால் ஒரு வாய் தமிழ், நடுவில் கொஞ்சம் இங்கிலீஷ். அவர் மட்டும் அப்படியில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வமும் இருந்தது.

இன்னொரு பழக்கமும் உண்டு. மற்ற வேன்காரர்கள் ஹாரன் அடித்து, கதவைத் திறந்து, பிள்ளையை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் ரோட்டைக் கடக்க வேண்டிய பிள்ளை என்றால் இஞ்சினை நிறுத்தி, இறங்கி, கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வருவார். மழையானாலும் சரி. பின்னால் பஸ்காரன் நின்று கத்தினாலும் சரி. தாய்மார் அவரிடம் பிள்ளையை விட்டது இதற்காகத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் வாளியை வைத்துவிட்டு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைப் பிடிக்கவில்லை. தாடை வலிக்கிறது என்றார். பல்வலி என்று நினைத்து கிராம்பு எடுத்துக்கொண்டு ஓடினேன். முகத்தைப் பார்த்ததும் கிராம்பைக் கீழே போட்டுவிட்டேன். டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இருதயத்துக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்திருக்கிறது, கையில் நரம்பு வழியாக மெல்லிய டியூப் ஒன்றை இருதயம் வரைக்கும் விட்டுப் பார்த்து, அடைப்பைத் திறந்து வலைக்கம்பி வைக்க வேண்டும் என்றார்கள்.

வைப்பதற்கு முன்னால் டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை. ரத்தம் கசியலாம், கிட்னிக்கு ஆகாமல் போகலாம், மிகச் சிலருக்குப் பாரிசவாதம் வரலாம் என்றார். எனக்கு மற்றது எதுவும் காதில் ஏறவில்லை. பாரிசவாதம் மட்டும் ஏறியது. பாரிசவாதம் என்றால் வாய் கோணும், கை விழும், கால் இழுக்கும். அது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற வியாதியை நான் விடமாட்டேன் என்று தைரியமாக இருந்தேன்.

கம்பி வைத்து வீட்டுக்கு வந்தார். மணிக்கட்டில் ஒரு சின்னத் தழும்பு. அவ்வளவுதான். கொசு கடித்த மாதிரி இருந்த அந்த இடத்தைப் பார்க்க லயமே திரண்டு வந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கிற என் நாத்தனார், அவருக்கு மூத்தவர், வாசலிலேயே ஆலாத்தி எடுத்து, மிளகாய் உப்பு சுற்றிப் போட்டார். நானோ தினம் காலையில் வீட்டுக்காரரைச் சிரிக்கச் சொல்வேன். வாய் நேராகப் போகிறதா என்று பார்க்கத்தான். என்னடி, இந்த வயசுல காலங்காத்தால சிரிக்கச் சொல்ற என்று அவர் கேலி பண்ணுவார். சிரிப்பு நேராகத்தான் இருந்தது. கையைத் தூக்கச் சொல்வேன், தூக்குவார். நான் வடை மாதிரி உப்பிப் போய் ஊருக்கெல்லாம் சொன்னேன், ஆள் தங்கம் மாதிரி திரும்பி வந்துவிட்டார் என்று.

ஒரு மத்தியானம் சோறு போட்டேன். குழம்பை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "லுணு டிக்கக் தென்ன" என்றார். நான் உப்புப் போத்தலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்த மனிதர் வீட்டுக்குள் என்னிடம் சிங்களத்தில் ஒரு சொல் பேசியதில்லை. விளையாட்டுக்காகக்கூட இல்லை. நான் திரும்பி, என்ன கேட்டீங்க என்றேன். உப்பு கேட்டேன், அதான் குடுத்திட்டியே என்றார். சிங்களத்துல கேட்டீங்க என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காது கேக்கலயா ஒனக்கு என்றார்.

அதற்குப் பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். பேசும்போது பாஷை வழுக்கிப் போகும். போனது அவருக்குத் தெரியாது. எனக்குச் சிங்களம், சிங்களக் கடை முதலாளிக்குத் தமிழ். முதலாளிக்கும் தமிழ் தெரியும், அவர் தமிழிலேயே பதில் சொல்வார். மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்த வேனுக்குள்ளும் அதே கதைதான் என்று பிள்ளைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் பிள்ளைக்குச் சிங்களத்தில் சொல்கிறார், அது சிங்களத்திலேயே பதில் சொல்கிறது. அந்தப் பிள்ளையிடம் இறங்குடா கண்ணு என்கிறார், அது சிரித்துக்கொண்டே இறங்குகிறது. இரண்டு பாஷையும் தெரிந்த ஊரில் ஒருவர் பாஷை தடுமாறினால் யாருக்குத் தெரியும்? தமிழ் மட்டுமே பேசுகிற யாழ்ப்பாணத்தில் என்றால் அன்றைக்கே பிடித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் அதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள்.

நாத்தனாரிடம் சொன்னேன். நாம எல்லாருமே அப்படித்தானே பேசறோம், ஆளு பொழச்சு வந்ததே பெருசு, நீ ஏன் நல்லா இருக்கிறவனுக்கு நோயத் தேடுற என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாமெல்லாம் அப்படிப் பேசறோம், ஒங்க தம்பி பேசமாட்டார், அதுதான் விஷயம் என்றேன். ரெண்டு நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கறி வைத்தால் கிண்ணத்தில் கொஞ்சம் அனுப்புகிறவர், அதையும் நிறுத்திவிட்டார்.

கிளினிக் நாள் வந்தது. அங்கே இருந்தது ஒரு இளம் டாக்டர், சிங்களப் பெண், பொறுமையானவர். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரரிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார், சில சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். எல்லாம் சிங்களத்தில். என் வீட்டுக்காரர் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். செய்துவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்கு அவரைக் கிள்ள வேண்டும் போலிருந்தது.

டாக்டர் என்னிடம், எனக்கு ஒரு பாஷைதான் தெரியும், அதனால் நான் பாதி ஆளைத்தான் பார்க்கிறேன், நீங்கள் தமிழில் கேளுங்கள், நடுவில் நான் சிங்களத்தில் கேட்கிறேன் என்றார். நான் காலையில் என்ன சாப்பிட்டீங்க என்றேன். ரொட்டியும் சம்பலும் என்றார். டாக்டர் சிங்களத்தில், எப்படி வந்தீர்கள் என்றார். அவர் தமிழில், பஸ்ஸுல வந்தோம் மிஸ் என்றார். பக்கத்து வீட்டுல யாரு இருக்கா என்று நான் கேட்டேன். அவர் டாக்டரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, அக்கா இருக்கிறார் என்பதைச் சிங்களத்தில் சொன்னார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். டாக்டர் ஏன் பேனாவை வைத்தார் என்று தெரியாமல் இவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் என் கோபமெல்லாம் போய்விட்டது.

தலையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். மறுபடி போனபோது டாக்டர் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மூளை, அதில் அங்கங்கே வெள்ளையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். மாவு சலிக்கும்போது தரையில் சிதறுமே, அந்த அளவு.

டாக்டர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இருதயத்துக்கு டியூப் போகிற வழியில் பெரிய ரத்தக் குழாயின் சுவரில் பழைய படிவுகள் இருக்கும். டியூப் உரசும்போது அதில் ஒரு தூசு பெயர்ந்து மூளைக்குப் போகலாம். ஒரு சின்ன ரத்தக் கட்டி, ஒரு காற்றுக் குமிழிகூடப் போகலாம். போய் ஒரு நூல் மாதிரி குழாயை அடைத்தால் அந்த இடத்தில் இப்படி ஒரு புள்ளி விழும். வாய் கோணாது, கை விழாது. நிறையப் பேருக்கு இப்படி இருக்கலாம், அவர்களுக்கே தெரியாது, ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். இவருடைய புள்ளிகள் அன்றைக்கு விழுந்தவைதான் என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது, பிரஷர் பல வருஷமாக இருந்திருக்கிறது, அதனாலும் இருக்கலாம் என்றார்.

நான் கேட்டேன், அப்போ அந்த டியூப் விட்டதே தப்பா என்று. டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். "அது விடாட்டி இவர் இன்னைக்கு இந்தக் கதிரையில இல்லை, அம்மா" என்று எனக்காகக் கஷ்டப்பட்டுத் தமிழில் சொன்னார். அதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அந்த வசனத்தை யாரிடமாவது கேட்டு வைத்திருந்தாரோ என்னவோ. உயிருக்கும் மூளைக்கும் நடுவில் யாரும் குற்றவாளி இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது. விளங்கினால் மட்டும் மனம் ஆறிவிடுமா? யாரையாவது ஏச முடிந்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த கிளினிக் வரைக்கும் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்றார் டாக்டர். கீழே கிராமத்தில் வேன் வைத்திருக்கிற ஒருவர், இவருக்குப் பழைய சிநேகிதர், சிங்களவர், அத்தனை பிள்ளைகளையும் அவர் ஏற்றிக்கொண்டார். என் வீட்டுக்காரர் தினம் காலையில் சட்டை போட்டு, தலை வாரி, நிறுத்தி வைத்த வேனுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். கேட்டால் பேட்டரி இறங்கிடும், இஞ்சினைப் போட்டு வைக்கிறேன் என்பார். நான் பிள்ளை மடுவத்துக்குப் போகிற வழியில் அதைப் பார்க்காத மாதிரி நடப்பேன்.

வீட்டில் பாஷை வழுக்கும்போதெல்லாம் நான் விடவில்லை. தமிழ்ல சொல்லுங்க என்பேன். முதலில் சண்டை வரும். பிறகு நிறுத்தி, யோசித்து, தமிழில் சொல்வார். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும், நானும் சில நாள் ஏசி, சில நாள் கெஞ்சி, சில நாள் பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்று வேலை வாங்கினேன். உண்மையிலேயே குறைந்தது. அடுத்த கிளினிக்கில் டாக்டருக்கே சந்தோஷம். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் ஓட்டிப் பார்க்கலாம், சின்னத் தவறு ஒன்று கண்டாலும் நிறுத்திவிட வேண்டும் என்றார். அந்தப் பக்கத்து ஆள் நான்தான். பிள்ளை மடுவத்துப் பொறுப்பைக் கூட வேலை செய்கிறவளிடம் கொடுத்து, காலையிலும் பின்னேரமும் அவரோடு வேனில் ஏறினேன்.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன, அதை நான் சொல்லத்தான் வேண்டும். தாய்மாருக்குச் சந்தோஷம். நாத்தனார் மறுபடி கறி அனுப்பினார், பாத்தியா, நான் சொன்னேன்ல என்று ஒரு சொல்லும் சேர்த்து அனுப்பினார். மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும்போது அவர் வளைவுக்கு வளைவு கியர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே போவேன். ஒரு குலுக்கல் இருக்காது. பிள்ளைகளுக்கு அவரவர் பாஷை. நானும் மெல்ல மெல்ல அவரை விட்டு ரோட்டைப் பார்க்கத் தொடங்கினேன்.

கடைசியாக இறங்குகிறது எங்கள் தோட்டத்துச் சந்தியில் ஒரு சின்னப் பெண். ரெண்டாம் வகுப்பு. அவள் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. சந்தியில் வேன் நின்றது, இஞ்சின் நின்றது, கதவு திறந்தது. நான் பின் சீட்டுக்குப் போய் ஜன்னல் கண்ணாடிகளை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். மூடிவிட்டுத் திரும்பினால், பிள்ளை ரோட்டோரத்தில் பையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறது. கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, பிடிக்க ஆள் வரும் என்று. இவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கண்ணாடியில் மழை வடிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் கூப்பிடுவதற்குள் பிள்ளை தானாக ஓடிவிட்டது. வளைவிலிருந்து கொழுந்து லொறி இறங்கியது. பிரேக் கிறீச்சிட்டது. லொறி கொஞ்சம் சறுக்கி நின்றது. பிள்ளை அந்தப் பக்கம் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. லொறிக்காரர் தலையை வெளியே விட்டு எங்களை ஏசிவிட்டுப் போனார். ஏசியதில் ஒரு பிழையும் இல்லை.

நான் இறங்கி ஓடிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். அவர் நனைந்துகொண்டு பின்னால் வந்தார். என்னாச்சு, ஏன் ஓடுற, நான்தானே இப்ப கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டேன் என்றார். பொய் இல்லை, சமாளிப்பும் இல்லை. அவர் அதைச் செய்ததாகவே அவருக்கு இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் பிள்ளையிடம் குனிந்தார்.

"மாமாதானே கூட்டிட்டு வந்தேன் கண்ணு?"

அது என்னைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. "ஆமா மாமா" என்றது.

அந்தப் பிள்ளைமீது எனக்கு வருத்தம் இல்லை. ஊர் அவ்வளவு பேரும் அவர்மீது இருந்த பிரியத்தில் இவ்வளவு நாள் சொன்னதைத்தான் அதுவும் சொன்னது. நானும் ஆமா என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லு சொல்லு என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க," என்றேன். "நீங்க எறங்கவே இல்ல."

பிள்ளை அழத் தொடங்கியது. மாமாவ ஏசாதீங்க அத்தை என்றது. யாரும் ஏசலடா என்று சொல்லி வீடு வரை கொண்டுபோய் அதன் தாயிடம் விட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தாய் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டார். இனி அந்த வேனில் அவர் பிள்ளையை ஏற்றமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. நானாக இருந்தாலும் ஏற்றமாட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் டிரைவர் சீட்டில் இல்லை. நான் உட்காருகிற இடது பக்கத்து சீட்டில் இருந்தார். ஈரச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நான் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன், எனக்கு ஓட்டத் தெரியாது, அவர் பக்கத்தில் வேறு இடம் இல்லாததால் உட்கார்ந்தேன்.

"மட்ட பயய்" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவர் எந்தப் பாஷையிலும் என்னிடம் சொன்னதில்லை. நெஞ்சு அடைத்துக் கிடந்தபோதுகூடச் சொன்னதில்லை. தமிழ்ல சொல்லுங்க என்று எனக்கு வாய் வரவில்லை. "மட்டத் பயய்" என்றேன், எனக்கும்தான் என்று. சொல்லும்போது அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மழை விட்டது. அவர் போனை எடுத்து வேன் வைத்திருக்கிற அந்தச் சிநேகிதரைக் கூப்பிட்டார். நல்ல சுத்தமான சிங்களத்தில், நிதானமாகப் பேசினார். நாளையிலிருந்து பிள்ளைகளை நீயே ஏற்றிக்கொள், இது கொஞ்ச நாளுக்கு இல்லை, இனிமேல் எப்போதும் என்றார். எந்தெந்தப் பிள்ளை ரோட்டைக் கடக்க வேண்டும், எந்த இடத்தில் இறங்கிக் கையைப் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஹாரன் அடித்துவிட்டுப் போகாதே, இறங்கிப் போ என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. இவ்வளவு தெளிவாகப் பேசுகிற மனிதர் வேனை விடுவதைத் தாங்க முடியாமல், அன்றைக்கு மட்டும் பிசகட்டுமே என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சரியாச் சொன்னேனா?" என்று தமிழில் கேட்டார்.

"சரியாத்தான் சொன்னீங்க" என்றேன்.